வீட்டிலிருந்து சாதாரண தரம்: வளங்களைத் தேடுதலும் நேரத்தை வகுத்தலும்

"சுவாமி, இவன் திரும்பப் படிக்க வேணுமாம். ஆனா பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டானாம். வீட்டில வைச்சுப் படிப்பிக்கேலுமோ?"

சீனன்குடாவில் ஒரு மாலை வேளையில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. அருகில் நின்ற மகனுக்கு வயது பதினேழு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தகப்பனாரின் கூலிவேலை நின்றுபோக, பத்தாம் தரத்தில் இருந்தவன் மாமனாரோடு கடலுக்குப் போனான். எரிபொருள் இன்றிப் பாடசாலைகளே மூடிக்கிடந்த நாள்கள் அவை. பாடசாலைகள் மீளத் திறந்தபோது அவன் திரும்பவில்லை. அவனோடு படித்தவர்கள் இப்போது உயர்தர வகுப்பில். தன்னிலும் இளையவர்களோடு ஒரே வாங்கில் இருக்க அவனுக்கு வெட்கம். மாமனாரோ, "படகில் இடம் இருக்கு, வயசு போகுது" என்று அவசரப்படுத்துகின்றார்.

இத்தகைய பிள்ளைகள் எமது கிராமங்களில் ஒருவர் இருவர் அல்லர். நோயினால் வீட்டில் இருப்போர், தாய் வெளிநாடு சென்றதால் தம்பி தங்கையரைப் பார்க்க நின்றுவிட்ட பெண்பிள்ளைகள், பரீட்சையில் ஒருமுறை தவறியதும் ஒதுங்கியோர் எனப் பலவகையினர். இவர்களுக்கு வீட்டிலிருந்தே கல்வியைத் தொடர வழி உண்டா? உண்டு. ஆனால் அதற்கான வளங்கள் எவை, அன்றாட ஒழுங்கை எவ்வாறு அமைப்பது என்பவற்றைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியம். மேற்படி குடும்பத்தோடு நடந்து கற்றவற்றை இங்கு பகிர்ந்துகொள்கின்றேன்.

1. முதலில் கேட்கவேண்டிய கேள்வி

பிள்ளைக்குப் பதினாறு வயது நிரம்பவில்லையாயின், அவன் இருக்கவேண்டிய இடம் பாடசாலையே. எமது நாட்டில் 1998 முதல் ஐந்து தொடக்கம் பதினான்கு வயது வரை கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016 இல் இவ்வெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. ஆகவே பிள்ளை இடைவிலகினால் அதிபரிடமும், கிராம உத்தியோகத்தரிடமும், வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவினரிடமும் உடனே பேசுங்கள். இந்தப் பையன் விலகியபோது அவனுக்கு வயது பதினைந்து. அப்போது யாரும் அதைச் செய்யவில்லை. ஞாயிறுதோறும் அவனைக் கண்ட நானும் கேட்கவில்லை. அக்குறை எம்முடையது.

பதினாறைத் தாண்டியவர்களுக்கு, அல்லது நோய் போன்ற காரணத்தால் பாடசாலை செல்ல முடியாதவர்களுக்குத்தான் வீட்டுக் கல்வி. இவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகக் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றலாம். பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் விண்ணப்பிப்பார். தனிப்பட்டவர் தாமே பரீட்சைத் திணைக்களத்துக்கு இணையவழியாக விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்த வேண்டும். விண்ணப்பம் பரீட்சைக்குப் பல மாதங்களுக்கு முன்னரே முடிவடைந்துவிடும். ஒருகாலத்தில் டிசெம்பர் என்றால் சாதாரண தரம் என்றிருந்தது. 2020 இன் நோய்ப்பரவலுக்குப் பின்னர் பரீட்சை மாதம் மாறி மாறி வந்துள்ளது. எனவே பழைய நினைவை நம்பாது, பத்திரிகை அறிவித்தலைக் கவனிக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்கு அதைப் பெறும் அலுவலை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். நன்றாகப் படித்தும் அட்டை கிடைக்காததால் தவித்த பிள்ளைகளை நான் கண்டிருக்கின்றேன்.

2. என்ன படிக்க வேண்டும்?

வழமையாகத் தோற்றும் பாடங்கள் ஒன்பது. சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் பிரதான பாடங்கள். ஏனைய மூன்றும் மூன்று தொகுதிகளிலிருந்து தெரிவுசெய்யப்படுபவை. வீட்டிலிருந்து படிப்பவர் இத்தெரிவில் அவதானமாக இருக்க வேண்டும். செயன்முறைப் பரீட்சையும் பயிற்றுநரும் தேவைப்படும் நடனம், சங்கீதம் போன்றவற்றிலும் பார்க்க, நூலைக்கொண்டு படிக்கக்கூடிய குடியியற் கல்வி, தமிழ் இலக்கிய நயம், சுகாதாரமும் உடற்கல்வியும் போன்றவை எளிது. கடலையும் வயலையும் அறிந்த பிள்ளைக்கு விவசாயம் போன்ற பாடம் அந்நியமாக இராது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தாய்மொழியும் கணிதமும். இவ்விரண்டில் சித்தி இல்லாவிடின் உயர்தரக் கதவு பொதுவாகத் திறவாது.

3. வளங்கள் எங்கே?

"எங்களிடம் வசதி இல்லை" என்பதே பெற்றோரின் முதல் வார்த்தை. உண்மையில் தேடினால் கிடைப்பவை பல.

முதலாவது, பாடநூல்கள். 1980 முதல் அரசு இலவசமாக வழங்கிவரும் நூல்கள் இவை. பரீட்சை முடித்த அயல்வீட்டுப் பிள்ளையிடம் கேட்டால் மகிழ்வோடு தருவர். எமது பையனுக்குப் பத்தாம், பதினோராம் தர நூல்கள் ஒரு வாரத்திற்குள் நான்கு வீடுகளிலிருந்து சேர்ந்தன. கிடைக்காதவற்றைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஆசிரியர் வழிகாட்டி. பலருக்கு இது தெரியாது. எந்தப் பாடத்தை எத்தனை பாடவேளையில், எந்த ஒழுங்கில் கற்பிப்பது என்று ஆசிரியருக்காக எழுதப்பட்ட நூல். மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் உண்டு. வீட்டில் ஆசிரியர் இல்லாத பிள்ளைக்கு இது பெருந்துணை.

மூன்றாவது, கடந்தகால வினாத்தாள்களும் புள்ளியிடும் திட்டங்களும். கணிதம் முதலாம் பத்திரம் இரண்டு மணித்தியாலம், இரண்டாம் பத்திரம் மூன்று மணித்தியாலம். வீட்டில் மணிக்கூட்டை முன்வைத்து எழுதிப் பழகாத பிள்ளை மண்டபத்தில் நேரம் போதாமல் தடுமாறும்.

நான்காவது, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் இணையத்தளம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இத்தளத்தையும், நேத்ரா தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தமிழ்மொழிப் பாடங்களையும் நாடெங்கும் பிள்ளைகள் நாடினர். அன்று எல்லா வீடுகளும் வகுப்பறைகளாயின. கைத்தொலைபேசியும் தொடர்பும் இல்லாத வீடுகளின் பிள்ளைகள் பின்தங்கினர் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே ஒரு யோசனை: தேவையானவற்றை ஓரிடத்தில் மொத்தமாக இறக்கி, தொலைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். முதலில் பாடநூல், விளங்காவிடின் மட்டும் காணொளி. இரவில் தொலைபேசி தாயின் கையில்.

ஐந்தாவது, மனிதர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், உயர்தரத்தில் கணிதம் படிக்கும் அயல்வீட்டு அக்கா, சிங்களம் பேசும் கடைக்காரர் ஆகிய இவர்கள் விலை கொடுத்து வாங்க முடியாத வளங்கள். ரியூசனுக்கு மாதந்தோறும் பணம் கட்ட முடியாத வீட்டிற்கு வாரம் ஒரு மணித்தியாலம் இத்தகையோர் தருவது போதுமானது. ஆனால் கேட்காமல் கிடைக்காது.

ஆறாவது, நாம் வாழும் ஊர். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பதை அறியாதவர் உண்டா? ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர் கொள்ளும் உருளை. உருளையின் கனவளவு என்ற பாடம் நூலில் விளங்காத எமது பையனுக்குத் தாங்கியைக் காட்டியதும் விளங்கிற்று. "99 தாங்கியும் நிரம்பினால் எவ்வளவு?" என்று தானே பெருக்கிப் பார்த்தான்: 11,88,000 கன மீற்றர். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கியது இரண்டாம் உலகப் போரின் ஒரு பக்கம். மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு கலப்பது புவியியல். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிறேரே 1963 இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ முந்நூறு தொழிலாளருக்கு நாற்பது மணித்தியாலத்தில் எழுத வாசிக்கக் கற்பித்தபோது, அவர்களுடைய அன்றாட வாழ்விலிருந்தே சொற்களை எடுத்துத் தொடங்கினார். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லும் அதே வழிதான் இது.

4. நேர அட்டவணை: நான் விட்ட தவறு

வளங்கள் சேர்ந்ததும் நானே ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தேன். குருமடத்தில் மணி அடிக்க எழுந்து, மணி அடிக்கப் படித்து வளர்ந்தவன் நான். அதே பாணியில் காலை ஐந்து முதல் இரவு ஒன்பதரை வரை ஒன்பது பாடங்களையும் அடுக்கினேன். சுவரில் அழகாக ஒட்டப்பட்டது. ஒன்பதாம் நாள் போய்ப் பார்த்தபோது பையன் வீட்டில் இல்லை. மாமனாரோடு கடலுக்குப் போய்விட்டான்.

எனக்கு அவன்மேல் கோபம். தாய்தான் அமைதியாகச் சொன்னார்: "சுவாமி, நீங்கள் எழுதினது நல்லதுதான். ஆனா அது எங்கட வீட்டு நேரமில்லை."

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அந்த வீடு அதிகாலை நான்கரைக்கு எழும்புகின்றது, தாய் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவராகையால். ஆறு மணிக்கு அதைச் சைக்கிளில் கொண்டுசெல்பவன் இவன். பகல் பன்னிரண்டுக்குப் பின்னர் தகரக்கூரையின் கீழ் யாராலும் படிக்க முடியாது. இவற்றை நான் கேட்கவே இல்லை. ஆகவே மூவரும் இருந்து மீண்டும் எழுதினோம்:

அதிகாலை 4.30 – 6.00: கணிதம், குசினி விளக்கடியில், தாயின் அருகில்.
6.00 – 8.00: இடியப்பம் கொடுத்தல், குளிப்பு, சாப்பாடு.
9.00 – 11.00: ஒருநாள் விஞ்ஞானம், மறுநாள் வரலாறும் ஏனைய பாடங்களும்.
பிற்பகல்: ஓய்வு, வீட்டு வேலை.
மாலை 4.30 – 6.00: விளையாட்டு. வியாழனன்று மட்டும் ஓய்வுபெற்ற ஆசிரியையிடம்.
இரவு 7.00 – 8.30: தமிழ், ஆங்கிலம், அன்று படித்ததைத் தாய்க்குச் சொல்லிக்காட்டல்.

நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம். ஆறு நாளைக்கு முப்பது. பாடசாலையில் நாற்பது நிமிடப் பாடவேளைகள் வாரத்திற்கு நாற்பது என்றாலும் இருபத்தேழு மணித்தியாலத்திற்குக் குறைவே. ஆகவே இது சிறிய அளவன்று. சனிக்கிழமை காலையில் ஒரு முழு வினாத்தாள். ஞாயிறு ஓய்வு, ஓய்வும் அட்டவணையின் ஒரு பகுதியே.

இந்த அட்டவணை நிலைத்தது. வீட்டுக் கல்வியின் ஒழுங்கு பாடசாலை மணியிலிருந்து வருவதன்று. அந்தந்த வீட்டின் நாளிலிருந்து எடுக்கப்பட வேண்டியது. மீன்பிடி வீட்டிற்கு ஓர் ஒழுங்கு, வயல் வீட்டிற்கு வேறொன்று. ஆனால் மூன்று மட்டும் எங்கும் பொது: மாறாத ஓரிடம், மாறாத ஒரு நேரம், தினமும் கேட்கும் ஒரு பெரியவர்.

5. படிக்காத பெற்றோர் என்ன செய்யலாம்?

அந்தத் தாய் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஆயினும் ஒவ்வோர் இரவும் மகன் சொல்வதைக் கேட்டார். "எனக்கு விளங்கேல்லை, திரும்பச் சொல்லு" என்றார். கொப்பியில் திகதி போட்டுக் கையெழுத்திட்டார். தாய்க்கு விளங்கும்படி சொல்ல முயன்றபோதுதான் தனக்கே விளங்காதவை எவை எனப் பையன் கண்டுகொண்டான்.

இத்தாலியில் புளோரன்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள பார்பியானா என்ற மலைக்கிராமத்தில், 1954 முதல் 1967 இல் தாம் இறக்கும்வரை பணியாற்றிய லொரென்சோ மிலானி என்ற குருவானவர், பாடசாலையால் தள்ளிவிடப்பட்ட ஏழை விவசாயிகளின் பிள்ளைகளை இவ்வாறே கூட்டிவைத்துக் கற்பித்தார். மூத்தவர் இளையவருக்குக் கற்பித்தனர், செய்தித்தாளும் பாடநூலாயிற்று. எமது பையனும் அயல்வீட்டு அக்காவிடம் கணிதம் கேட்டான். கேட்டதைத் தன் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தான். பின்னர் அதே நிலையிலிருந்த வேறு இரு பிள்ளைகள் சனிக்கிழமை வினாத்தாளுக்கு வந்து சேர்ந்தனர். இது மிக முக்கியம். கட்டிளமைப் பருவத்தில் தனிமை, அறியாமையிலும் பார்க்கக் கொடியது. விளையாட்டையும் நண்பரையும் வெட்டி நேரம் சேமிக்க முயலாதீர்கள்.

6. முடிவு என்ன?

பையன் முதல்முறை எழுதினான். ஆறு பாடங்களில் சித்தி, கணிதத்தில் இல்லை. பெறுபேறு வந்த அன்று மாமனார் மீண்டும் படகைப் பற்றிப் பேசினார். பையன் ஒரு வாரம் பேசாதிருந்தான். எட்டாம் நாள் அதிகாலை நான்கரைக்கு, எவரும் எழுப்பாமலே, குசினி விளக்கடியில் கணிதக் கொப்பியோடு அவன் இருந்ததாகத் தாய் எனக்குச் சொன்னார். அடுத்த தடவை கணிதத்தை மட்டும் எழுதிச் சாதாரண சித்தி பெற்றான். பெரிய பெறுபேறன்று. ஆனால் இன்று ஒரு தொழிற்பயிற்சி நெறியில் சேர அது அவனுக்குப் போதுமானதாயிற்று. விடுமுறையில் மாமனாரோடு கடலுக்கும் போகின்றான். இப்போது மாமனாருக்கும் கோபமில்லை.

பெற்றோரே, உங்கள் வீட்டிலோ அயலிலோ இத்தகைய பிள்ளை இருப்பின், பெரிய திட்டங்களுக்குக் காத்திராதீர்கள். இன்றிரவே பிள்ளையோடு அமர்ந்து, உங்கள் வீட்டின் ஒரு நாள் எவ்வாறு செல்கின்றது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதில் ஒன்றரை மணித்தியாலம் எங்கே கிடைக்கின்றது என்று பாருங்கள். அங்கிருந்து தொடங்குங்கள். நூல்களுக்கு அயல்வீட்டைக் கேளுங்கள். நாளை முதல் ஒவ்வோர் இரவும் கேளுங்கள்: "இண்டைக்கு என்ன படிச்சாய்? எனக்கும் சொல்லு."