‘வீட்டைக் காலி செய்’ என்றால் உடனே வெளியேற வேண்டுமா?

சேலத்திலோ திருச்செங்கோட்டிலோ வாடகைக்கு வீடு தேடும் தலித் ஒருவரிடம், வாடகை பற்றிப் பேசுவதற்கு முன்பே ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி வந்துவிடும். சிலர் நேராகக் கேட்பதில்லை. சொந்த ஊரைக் கேட்டு, அவ்வூரில் எந்தத் தெரு என்று கேட்டு, விடையைத் தாமே கண்டுகொள்வர். அதைக் கடந்து முன்பணம் கொடுத்துக் குடியேறியவருக்கும் நிம்மதி நிலைப்பதில்லை. உறவினர் வருகையிலோ சுவரில் மாட்டிய அம்பேத்கர் படத்திலோ ஒருநாள் சாதி தெரிந்துவிடுகிறது. ‘மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள்’ என்கிறார் உரிமையாளர். பதினொரு மாத ஒப்பந்தத்தில் பாதிகூட முடிந்திருக்காது.

1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த அம்பேத்கருக்கும் இதுவே நேர்ந்தது. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கியிருந்த அவரை, தடிகளுடன் வந்த கூட்டம் மாலைக்குள் வெளியேறச் சொன்னது. வேறு இடம் கிடைக்காமல் பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். அன்று அவருக்குத் துணைநிற்கச் சட்டம் எதுவும் இல்லை. இன்று இருக்கிறது, ஆனால் பெரும்பாலான புகார்கள் ‘இது சிவில் விவகாரம்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் காவல் நிலையத்திலேயே நின்றுவிடுகின்றன.

முதலில் அடிப்படை. உரிமையாளர் வாயால் சொல்வது வெளியேற்ற உத்தரவு ஆகாது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், 2017 என்பது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தக் காலம் நீடிக்கும்போது, இச்சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறும் காரணங்களில் ஒன்றை வாடகை நீதிமன்றத்தில் நிறுவினால் மட்டுமே உரிமையாளர் வீட்டைத் திரும்பப் பெற முடியும். வாடகை பாக்கி, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், சொந்தத் தேவை போன்றவை அக்காரணங்கள். மகன் கல்யாணம் உண்மையாகவே இருக்கலாம். அதையும் நீதிமன்றத்தில்தான் சொல்ல வேண்டும். காலி செய்ய வைப்பதற்காகக் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டித்தால் 20ஆம் பிரிவின்படி வாடகை அதிகாரியிடம் முறையிட்டு, இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

இச்சட்டத்தில் நமக்கு எதிரான முள் ஒன்றும் உண்டு. எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணமாகிறது. வாய்ப்பேச்சில் குடியேறுவதே வழக்கமாகிவிட்ட நம் மக்களை இது நேராகக் குத்துகிறது. மேலும், இச்சட்டம் நகர்ப்புறங்களுக்கானது. சேலம், நாமக்கல் மாநகராட்சிகளிலும் ராசிபுரம், திருச்செங்கோடு போன்ற நகராட்சிகளிலும் செல்லும். எல்லையைத் தாண்டிய கிராம ஊராட்சியில் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882 பொருந்தும். அங்கு வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக்கு 106ஆம் பிரிவின்படி 15 நாள் எழுத்து அறிவிப்பு போதும். அதன் பிறகும் வெளியேறாதவரை அகற்ற உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிப் பட்டறைகளின் லைன் வீடுகள் தனி வகை. வேலையோடு சேர்த்துத் தரப்பட்ட வீடு என்பதால், வேலை போன அன்றே வீடும் போய்விடும் என்று தொழிலாளர்கள் நம்புகிறார்கள். 1989இல் கிருஷ்ண ராம் மஹாலே வழக்கில், உரிமம் முடிந்துபோனவரைக்கூடச் சட்ட வழியன்றிப் பலவந்தமாக வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. முன்பணக் கடனுக்காகக் கொத்தடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவரை, அவ்வுழைப்புக்கு ஈடாகத் தரப்பட்ட வீட்டிலிருந்து வெளியேற்றுவதைக் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம், 1976இன் 8ஆம் பிரிவு தடுக்கிறது. இப்பகுதியில் இப்பிரிவு போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்பது என் கருத்து.

பூட்டை உடைத்துச் சாமான்களைத் தெருவில் எறிந்துவிட்டால்? ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் வழக்கிட்டால், வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே போகாமல் நீதிமன்றம் குடியிருப்பை மீட்டுத் தரலாம். தம் சொந்த வீடாகவே இருந்தாலும், பிறர் குடியிருக்கும் வீட்டில் மிரட்டும் நோக்குடன் நுழைந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

இனி சாதி. வெளியேற்றத்துக்குச் சாதியே காரணம் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வருகிறது. காவல் நிலையங்கள் வழக்கமாக எழுதுவது 3(1)(r), 3(1)(s) பிரிவுகளை மட்டுமே. இவற்றில் இழிவுபடுத்தல் ‘பொதுப் பார்வையில்’ நடந்திருக்க வேண்டும். நான்கு சுவர்களுக்குள் பேசியது அதில் அடங்காது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எதிரிகள் அதையே காட்டி வழக்கை உடைக்கிறார்கள். வீட்டைவிட்டு வெளியேறக் கட்டாயப்படுத்துவதைத் தண்டிக்கும் 3(1)(z), இடத்திலிருந்து சட்டவிரோதமாக அகற்றுவதைத் தண்டிக்கும் 3(1)(g) ஆகியவற்றுக்குப் பொதுப் பார்வை என்ற நிபந்தனையே கிடையாது. 3(1)(z) ‘வீடு’ என்கிறது. ‘சொந்த வீடு’ என்று சொல்லவில்லை. புகார் மனுவிலேயே இப்பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். முதல் தகவல் அறிக்கைக்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 18A பிரிவு கூறுவதையும் நினைவூட்டுங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு சட்டம், குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955. தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பது இதன் 4ஆம் பிரிவின்படி குற்றம். தண்டனை சிறியது. ஆனால் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் எனில், அச்செயல் தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. இல்லையென்று காட்டும் சுமை எதிரியுடையது.

அதேவேளை, வெறும் வாடகைத் தகராற்றை வன்கொடுமை வழக்காக்குவது அடுத்து வரும் உண்மையான வழக்கைத்தான் பலவீனப்படுத்தும். ஹிதேஷ் வர்மா தீர்ப்பின் மறுபாதியும் அதுவே: பாதிக்கப்பட்டவர் தலித் என்பதாலேயே சொத்துத் தகராறு வன்கொடுமை ஆகிவிடாது. எனவே சான்று வேண்டும். உரிமையாளரின் வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும். லைன் வீட்டின் பொதுக் குழாயடியில் வைத்துத் திட்டினால், அங்கு நின்றவர்களின் பெயரை அன்றே எழுதி வையுங்கள். வாடகையை வாங்க மறுத்தால் வங்கி வழியாகவோ பணவிடையாகவோ அனுப்பி ரசீதை வைத்திருங்கள்; ஒரு மாதம்கூடப் பாக்கி விழவிடாதீர்கள். சாவியை மட்டும், முன்பணம் கைக்கு வரும்வரை, யார் சமாதானம் பேசினாலும் கொடுத்துவிடாதீர்கள்.