ஐந்நூற்றோராவது யூனிட்

திருவனந்தபுரத்துக் கரமனை அக்கிரகாரத்திலும் சாலைக் கடைத்தெருவின் சந்துகளிலும் குடியிருக்கும் நம்மவர்களில், மின்கட்டணச் சீட்டைக் கண்டு திகைத்து, ரீடிங் எடுக்க வந்தவரோடு வாசலிலேயே சண்டையிட்டு, அந்தக் கோபத்தில் பணமும் கட்டாமலிருந்து, கடைசியில் இணைப்பு துண்டிக்கப்பட்ட பிறகு யோசனை கேட்க வருகிறவர்களை, வருஷந்தோறும், விசேஷமாகக் கோடை மாதங்களில், நான் பார்த்து வருகிறேன்.

கேரளத்தில் வீடுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 500 யூனிட் வரை விகிதம் படிப்படியாக ஏறுகிறது. அந்த எல்லையை ஒரு யூனிட் தாண்டினாலும், தாண்டியதற்கு மட்டுமன்றி, முதல் யூனிட்டிலிருந்து அத்தனைக்கும் உயர்ந்த விகிதமே விதிக்கப்படுகிறது. சிக்கனத்தைப் பற்றி உபந்நியாசம் செய்கிறவர்கள்கூட இந்த விதியை அறியாதிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 75 வாட் பழைய மின்விசிறி தினம் 12 மணி நேரம் சுழன்றால் 60 நாளில் 54 யூனிட் செலவாகும். 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். இரண்டு விசிறிகளை மாற்றினாலே பல குடும்பங்கள் எல்லைக்குள் நின்றுவிடும்.

சென்ற கோடையில் ஒரு வீட்டில், கட்டணம் ஏறிய காரணத்தைக் கண்டறிய, எல்லா ஸ்விட்சுகளையும் அணைக்கச் சொல்லி மீட்டர் முன் நின்றேன். அதன் சிவப்பு விளக்கு நிதானமாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. மாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரின் பழைய வயரில், ஸ்விட்சுக்கு முன்பே, மின்கசிவு. அந்த வீட்டில் கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் கருவியும் இல்லை. பணம் மட்டுமல்ல, உயிரும் போயிருக்கும்.

வீட்டில் கோளாறு ஒன்றுமில்லையென்றால், மீட்டரைச் சோதிக்கக் கோரி, நுகர்வோர் எண்ணைக் குறிப்பிட்டு, செக்‌ஷன் ஆபீஸ் உதவிப் பொறியாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, தேதியும் கையொப்பமும் இட்ட பிரதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். "பார்க்கலாம், போங்கள்" என்று சொல்லியனுப்பும் அதிகாரிகள் உண்டு. அவர்களுடைய அலட்சியத்துக்கு நம்முடைய அலட்சியமே துணை நிற்கிறது. வாயால் சொன்ன புகார் புகாரே அல்ல. அங்கே நியாயம் கிடைக்காவிட்டால், 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி அமைந்த நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு எழுதலாம்; திருவனந்தபுரத்தாருக்கு உரியது கொட்டாரக்கரையில் இருக்கிறது. அதற்கும் மேலே மின்சார ஆம்புட்ஸ்மன் இருக்கிறார்.

இதற்கிடையில் பணம் கட்டாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, துண்டிப்பதற்குமுன் 15 முழு நாள் எழுத்து மூலமான அறிவிப்புத் தரவேண்டும். கேட்ட தொகையையோ, முந்திய 6 மாதச் சராசரியின்படியான தொகையையோ, எது குறைவோ அதை, ஆட்சேபத்தோடு கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை இணைப்பைத் தொட முடியாது. ஆனால் அந்த ஆட்சேபமும் எழுத்தில் இருக்கவேண்டும். மறுபடியும் சொல்கிறேன், வாயால் சொன்னது செல்லாது.

மாதத்தின் முதல் தேதியன்று மீட்டர் ரீடிங்கை நாட்காட்டியில் குறித்துவைக்கும் வழக்கத்தை இந்த மாதமே ஆரம்பித்துவிடுங்கள்.