கணக்கும் கப்பலும்

கெட்டிக்காரப் பிள்ளை வைத்தியமோ எஞ்சினீயரிங்கோ படிக்கவேண்டும், மற்றவன் பி.காம். சேரட்டும் என்பது நம் வீடுகளில் வேரூன்றிப்போன அபிப்பிராயம். ஆசிரியராகிய நாமும் சில மாணவர்களுக்கு அப்படியே புத்தி சொல்லியிருக்கிறோம். அது நம் குற்றமே.

பேரேட்டில் கோடு போட்டுக் கூட்டுவதே கணக்கியல் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆகையால் முதல் நாள் நாம் பேரேட்டைத் திறப்பதில்லை. ஆதிச்சநல்லூர்ப் பிள்ளைகளுக்குத் தூத்துக்குடி அந்நிய ஊரன்று. அங்கே 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைக் கரும்பலகையில் எழுதுகிறோம். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு ரூபாய் 25. ஆக 40,000 பங்குகள். வெள்ளையர் கம்பெனியோ போட்டிக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. "கரிக்கும் சம்பளத்துக்கும் நாள்தோறும் பணம் போகிறதே, சுதேசிக் கம்பெனி எத்தனை மாதம் தாங்கும்? அதைச் சொல்ல என்னென்ன விவரம் வேண்டும்?" என்று கேட்டால் கடைசிப் பெஞ்சும் நிமிர்ந்து உட்காருகிறது. 1908-ல் பிள்ளையவர்கள் சிறை புகுந்ததையும், 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டதையும் பிறகுதான் சொல்வோம்.

பெண்களுக்கு ஆர். சிவபோகத்தின் கதை. சுதந்தரப் போராட்டத்தில் சிறை சென்ற சென்னைப் பெண்மணி. 1933-ல் கணக்கியல் டிப்ளமா தேறி, அத்துறையில் இந்தியாவின் முதல் பெண்மணியானார்.

இன்று பி.காம். தேர்வில் 55 சதவீதம் பெற்றவர், பட்டயக் கணக்காளர் படிப்பின் அடிப்படைத் தேர்வை எழுதாமலே இடைநிலையில் சேரலாம். இதைக் கேட்ட ஒரு தகப்பனார், "அப்படியானால் என் மகளே படிக்கட்டுமே, சார்!" என்றார். அவளோ வகுப்பில் முதல் மாணவி.