ஒரு சக்கரம் சுழல, மறு சக்கரம் நிற்பதேன்?

மீன் பெட்டிகளை ஏற்றிய சிறு லாரி ஒன்று கரையோர மணலில் சிக்கிக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஓட்டுநர் எஞ்சினை முடுக்குகிறார். பின்சக்கரங்களில் ஒன்று மணலை வாரி இறைத்துக்கொண்டு சுழல்கிறது. சுழலச் சுழலக் குழி ஆழமாகிறது. மற்றச் சக்கரமோ கெட்டியான தரையில்தான் நிற்கிறது. ஆயினும் அது அசைவதே இல்லை! பெட்டிகளில் பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கிறது. நல்ல தரையில் நிற்கும் சக்கரம் ஏன் வேலை செய்ய மறுக்கிறது?

இக்கேள்வியை ஆராய ஏற்ற இடம் சென்னைக்கு வடக்கே உள்ளது. கும்மிடிப்பூண்டி செல்லும் மின்ரயிலில் மீஞ்சூரை அடுத்து வருவது அனுப்பம்பட்டு. சுற்றிலும் நெல் வயல்கள். அங்கிருந்து பொன்னேரி வழியாகக் கிழக்கே சென்றால் பழவேற்காடு ஏரியும், அதன் கரையில் மீனவர் குப்பங்களும் வந்துவிடும். வயலின் களிமண் சேறு, ஏரிக்கரையின் வழுக்கும் வண்டல், கடலோரத்தின் உதிரி மணல் ஆகிய மூன்றையும் சில மணி நேரப் பயணத்தில் பார்த்துவிடலாம். வாகனத்தின் பின் அச்சுக்கு இம்மூன்றும் மூன்று தேர்வுகள்.

முதலில், இரு பின்சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் என்ன? வண்டி நேராகச் செல்லும்வரை தொல்லையில்லை. வளைவில்தான் சிக்கல். சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர் அகலம் இருப்பதாகக் கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 8.8 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வட்டம் சிறியதாயினும் பெரியதாயினும் இந்த வேறுபாடு மாறாது; நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். இணைத்த சக்கரங்கள் இந்த வேறுபாட்டைத் தரையில் தேய்ந்துதான் சரிக்கட்ட வேண்டும். பல மிதிவண்டி ரிக்‌ஷாக்களில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் சங்கிலியால் ஓட்டுவது இதனால்தான்.

இரண்டு சக்கரங்களையும் ஓட்ட வேண்டும், அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். இதற்கான பற்சக்கர அமைப்பை, பிரான்ஸ் நாட்டுக் கடிகாரக் கலைஞர் ஒனெசிஃபோர் பெக்கூர் 1820களின் பிற்பகுதியில் நீராவி வண்டிக்கென வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். அதுவே இன்று பெரும்பாலான கார்களிலும் லாரிகளிலும் இருக்கும் ‘டிஃபரன்ஷியல்’. பின் அச்சின் நடுவே பானை போலப் புடைத்திருக்கிறதே, அதனுள் இருப்பது இதுதான்.

இதன் இயல்பைப் புரிந்துகொள்ள உழவு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நுகத்தடியின் நடுவில் கலப்பை பிணைக்கப்பட்டுள்ளது; இரு முனைகளிலும் மாடுகள். இரண்டும் சமமாக இழுத்தால்தான் நுகம் நேராக நிற்கும். ஒரு மாடு தளர்ந்தால் நுகம் ஒருபுறமாகத் திரும்பிவிடுகிறது. மற்ற மாடு எவ்வளவு வலிமையானதாயினும் தளர்ந்த மாட்டின் இழுப்புக்கு மேல் அதனால் பயன் தர இயலாது. டிஃபரன்ஷியலும் இத்தகைய நுகத்தடியே. வேகத்தில் வேறுபாட்டை அனுமதிக்கும். விசையை மட்டும் இரு பக்கமும் சமமாகவே பங்கிடும்.

எண்களில் பார்ப்போம். ஒரு ஜீப்பின் பின் அச்சின் மேல் 800 கிலோ எடை, சக்கரத்துக்கு 400. கெட்டித் தரையில் உராய்வு எண் 0.8 என்றால் ஒரு சக்கரம் 320 கிலோ விசையுடன் உந்தும். ஈர வண்டலில் அந்த எண் 0.1 என்றால் 40 கிலோதான். ஒரு சக்கரம் வண்டலிலும் மற்றது கெட்டித் தரையிலும் இருக்கும்போது கிடைப்பது 320-உம் 40-உம் சேர்ந்த 360 அன்று. 40-உம் 40-உம் சேர்ந்த 80 மட்டுமே! வெளியேற 200 கிலோ தேவை என்றால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

இதற்கு விடை டிராக்டரில் உள்ளது. அனுப்பம்பட்டுப் பக்கம் சேற்றுழவு நடக்கும்போது ஓட்டுநரின் கால்களைக் கவனியுங்கள். ஒரு சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் அவர் ஒரு மிதியை அழுத்துகிறார். உடனே டிஃபரன்ஷியலின் இரு பக்கங்களும் பல் கோத்துப் பூட்டிக்கொள்கின்றன. நுகத்தடி திரும்பாமல் கட்டப்பட்டுவிடுகிறது. இப்போது 360 கிலோவும் கிடைக்கும். வரப்போரத்தில் திரும்புமுன் பூட்டை விடுவித்துவிட வேண்டும். இல்லையேல் டிராக்டர் திரும்பாமல் நேரே வரப்பில் ஏறும்.

டிராக்டரில் இன்னொரு வசதியும் உண்டு: இடம், வலம் தனித்தனி பிரேக். சுழலும் சக்கரத்தை மட்டும் 100 கிலோ அளவுக்குப் பிடித்தால், அந்தப் பக்கத்தின் இழுப்பு 140 ஆகிறது. எனவே மறுபக்கத்துக்கும் 140 போகிறது. தரையில் கிடைப்பது 40-உம் 140-உம், ஆக 180. இதைக் கேள்விப்பட்டுச் சிலர் ஜீப்பில் கைப்பிரேக்கை இழுத்துப் பார்ப்பதுண்டு. அது இரு சக்கரங்களையும் சமமாகப் பிடிப்பதால், மறுபக்கம் சேர்ந்த 100-ஐ அங்குள்ள பிரேக்கே தின்றுவிடும். பழைய 80-தான் மிஞ்சும்.

ஜீப் வகை வாகனங்களுக்கும் பூட்டுகள் உள்ளன. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் பூட்டு, சிறு அமுக்கியிலிருந்து வரும் காற்றழுத்தத்தால் இயங்குகிறது. நம் நாட்டின் ஃபோர்ஸ் கூர்க்காவில் முன் பின் இரு அச்சுகளுக்கும் ஓட்டுநரே இயக்கும் பூட்டுகள் வந்தன. 2020-இல் வெளியான மகிந்திரா தாரின் சில வகைகளில் உள்ள பூட்டு தானாகவே விழும்: இரு சக்கரங்களின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபட்டால் உள்ளே உள்ள சிறு எடைகள் விரிந்து அதை இயக்குகின்றன. பட்டறையில் பற்சக்கரங்களையே வெல்டு வைத்து ஒட்டிவிடும் மலிவான முறையும் உண்டு. தார்ச் சாலையில் ஓட வேண்டிய வண்டிக்கு அதைச் செய்யவே கூடாது. ஒவ்வொரு வளைவிலும் டயரும் தண்டும் முறுக்கேறித் துன்புறும்.

பூட்டுப் போட்டதும் வேலை முடிந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் சிக்கல் இடம் மாறியிருக்கிறது. முன்பு வழுக்கும் சக்கரம் வண்டியை நிறுத்தியது. ஆனால் அதுவே அச்சுத்தண்டைக் காப்பாற்றியும் வந்தது. விசை மிகுந்தால் சக்கரம் வழுக்கிவிடும், தண்டு பிழைத்துக்கொள்ளும். இப்போது அந்தக் காவல் போய்விட்டது.

மீண்டும் கணக்குக்கு வருவோம். சக்கரத்தின் ஆரம் 0.35 மீட்டர். பூட்டு இல்லாத அச்சில் இரு சக்கரங்களும் நல்ல தரையில் இருக்கும்போது, ஒரு தண்டு தாங்கும் உச்ச முறுக்கு 320 பெருக்கல் 0.35, அதாவது 112 கிலோகிராம்-மீட்டர். இனி, பூட்டிய அச்சில் ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் தொங்குவதாக வைத்துக்கொள்வோம். 800 கிலோ எடையும் மறு சக்கரத்தின் மேல் இறங்குகிறது. அதன் பிடிப்பு 640 கிலோ. ஒரே தண்டில் 224 கிலோகிராம்-மீட்டர்! எஞ்சினால் இவ்வளவு தர முடியுமா என்று ஐயுற வேண்டாம். 12 கிலோகிராம்-மீட்டர் தரும் எளிய டீசல் எஞ்சின்கூட முதல் கியரில் 3 மடங்கு, தாழ்வேகக் கியரில் 2.5 மடங்கு, பின் அச்சில் 5 மடங்கு என்று பெருகி 450 தந்துவிடும். பெரிய டயர் போட்டு ஆரத்தை 0.40 ஆக்கினால் தண்டின் சுமை 256 ஆகிறது. சுழன்றுகொண்டிருந்த சக்கரம் திடீரெனக் கெட்டித் தரையைப் பற்றினால் விழும் அடி இக்கணக்கில் சேரவில்லை.

ஆகவே பூட்டைப் போடுவோர் தண்டையும் மாற்ற வேண்டியுள்ளது. இங்கே ஓர் இயற்பியல் விதி கைகொடுக்கிறது. உருளைத் தண்டின் முறுக்கு தாங்கும் ஆற்றல் விட்டத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்தில் வளர்கிறது. 30 மில்லிமீட்டர் தண்டை 33 ஆக்கினால் வலிமை மூன்றில் ஒரு பங்கு கூடும். 38 ஆக்கினால் இரு மடங்காகும். தண்டின் நுனியில் நீளவாட்டில் வெட்டிய பள்ளங்கள்தான் டிஃபரன்ஷியலுடன் பல் கோக்கின்றன. முறியும் தண்டுகள் பெரும்பாலும் அப்பள்ளங்கள் முடியும் இடத்திலேயே முறிகின்றன. அமெரிக்க ஜீப்புகளின் பழைய பின் தண்டுகளில் 10 பள்ளங்கள் இருந்தன. பின்னாளில் அவை 19, 30 என்று சிறிதாகவும் நெருக்கமாகவும் ஆயின.

தண்டு முறிந்தால் சக்கரம் கழன்றுவிடுமா? அது அச்சின் வகையைப் பொறுத்தது. கார்களிலும் பல ஜீப்புகளிலும் தண்டே வண்டியின் எடையையும் தாங்குகிறது. அது வெளிமுனையில் முறிந்தால் சக்கரமும் கூடவே போகலாம். லாரியில் அப்படியன்று. நின்றிருக்கும் லாரியின் பின்சக்கர நடுவே வட்டமாக போல்ட்டுகள் சூழ்ந்த மூடியைக் காண்பீர்கள். அவற்றைக் கழற்றினால் சக்கரம் நின்றபடி நிற்க, தண்டை மட்டும் உருவிவிடலாம். எடையைக் கூட்டின் குழாய் தாங்குகிறது. தண்டுக்கு முறுக்குவது ஒன்றே வேலை. இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பின் பின் அச்சும் இவ்வகையே.

பணம் செலவழிக்குமுன் இரண்டு செய்திகள். மணலில் டயரின் காற்றை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தாலே அது பரந்து படிந்து, பல வண்டிகள் வெளியே வந்துவிடும். சாலைக்குத் திரும்பியதும் மறுபடி காற்றடிக்க வேண்டும். அடுத்து, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. வேடிக்கைக்காகக் கடற்கரை மணலில் ஓட்டுவதற்கென்றே அச்சை மாற்ற நினைப்போர், பங்குனி ஆமைகள் முட்டையிடுவதும் அந்த மணலில்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழவேற்காடு போன்ற இடங்களில் உப்பும் ஒரு பகை. ஓடிச் சூடான அச்சுக் கூடு ஏரி நீரில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்குகிறது; மூச்சுத் துளை வழியே உவர்நீரை உறிஞ்சிக்கொள்கிறது. தண்டின் மேல் துருக்குழி ஒன்று விழுந்தால் போதும், விரிசல் அங்கிருந்தே தொடங்கும். மூச்சுத் துளையில் ரப்பர் குழாய் ஒன்றைப் பொருத்தி உயரே கொண்டுபோய்விட்டால் இது தவிரும். நீரில் இறங்கி வந்த வண்டியின் டிஃபரன்ஷியல் எண்ணெயைச் சிறிது எடுத்துப் பாருங்கள். அது மோர் போல வெளுத்திருந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும்.