பெயர்ப் பலகை இல்லாத பஸ்!

பரளச்சியில் ஒரு பஸ் வந்து நிற்கிறது. முகப்பில் பெயர்ப் பலகை இல்லை. திருச்சுழிக்குப் போகிறதா? அருப்புக்கோட்டைக்கா? கண் உள்ளவர், உள்ளே இருக்கும் தெரிந்த முகங்களைப் பார்த்து ஊகித்துவிடுவார். கண் தெரியாதவர் என்ன செய்வார்?

இன்டர்நெட்டில் இப்படிப்பட்ட பஸ்கள் ஏராளமாக ஓடுகின்றன!

வெப்சைட் பக்கங்களை எழுதும் மொழிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். அதை உண்டாக்கியவர் டிம் பெர்னர்ஸ் லீ என்ற இங்கிலாந்துக்காரர். 1991-ல் அவர் வெளியிட்ட பட்டியலிலேயே தலைப்புக்கு என்று தனிக் குறிகள் இருந்தன. "இது தலைப்பு, இது பட்டியல்" என்று சொல்வதே அந்த மொழியின் வேலை. அலங்காரம் எல்லாம் பிறகு வந்தது.

வெறும் பெட்டி

புதிதாகப் படிப்பவர்கள் முதலில் பிடித்துக் கொள்வது 'டிவ்' என்ற குறியை. அது வெறும் பெட்டி. எதையும் போடலாம். ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று அது சொல்லாது. மிளகாய்த் தூளையும் மல்லித் தூளையும் ஒரே மாதிரி டப்பாவில் வைப்பது போலத்தான்!

2014-ல் முறைப்படி வெளியான எச்.டி.எம்.எல். 5, பெயர் எழுதிய டப்பாக்களைக் கொடுத்தது. பக்கத்தின் தலைப்பகுதிக்கு 'ஹெடர்'. வழிகாட்டும் பட்டியலுக்கு 'நாவ்'. முக்கிய விஷயத்துக்கு 'மெயின்'. அடிப்பகுதிக்கு 'ஃபுட்டர்'.

பேசும் கம்ப்யூட்டர்

கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தைப் படித்துச் சொல்லும் சாப்ட்வேர்கள் உண்டு. அவற்றில் ஒன்று என்.வி.டி.ஏ. 2006-ல் ஆஸ்திரேலியாவில் இதைத் தொடங்கிய மைக்கேல் கரன் கண் பார்வை இல்லாதவர். இதற்குக் காசு கிடையாது!

மிளகாய் வற்றல் விலையைச் சொல்லும் ஒரு பக்கம் என்று வைத்துக் கொள்வோம். "இன்றைய விலை" என்பதை 'டிவ்'வில் போட்டு, பெரிய சிவப்பு எழுத்தில் காட்டுகிறார் ஒருவர். பார்ப்பவருக்கு அது தலைப்பு. கேட்பவருக்கு அது மற்றுமொரு வரி. மேலே உள்ள அத்தனையையும் கேட்டு முடித்தால்தான் விலை கிடைக்கும். அதையே தலைப்புக் குறியில் எழுதியிருந்தால்? 'எச்' என்ற ஒரே எழுத்தைத் தட்டித் தட்டித் தலைப்புகளில் தாவிப் போய்விடலாம்.

பட்டன் கதை இன்னும் மோசம். 'டிவ்'வுக்கு வண்ணம் பூசிப் பட்டன் போலக் காட்டினால், மவுஸ் பிடிப்பவருக்கு வேலை செய்யும். 'டேப்' விசையைத் தட்டி வருபவருக்கோ அங்கே பட்டன் இருப்பதே தெரியாது. விண்ணப்பம் முழுவதும் நிரப்பியும் அனுப்ப முடியாமல் உட்கார்ந்திருப்பார். 'பட்டன்' என்ற குறியைப் போட்டிருந்தால் தொல்லையே இல்லை. எழுத்தும் குறைவு!

கோர்ட்டு சொன்னது

பாங்கு கணக்குக்காகக் காமிராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னால், கண் இழந்தவர் என்ன செய்வார்? ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வை இழந்த ஒருவரும் இதைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். டிஜிட்டல் வசதிகளைப் பெறுவதும் வாழும் உரிமையைச் சேர்ந்ததே என்று 2025 ஏப்ரல் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

தமிழில் பக்கம் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்தின் தொடக்கத்தில், 'எச்.டி.எம்.எல்.' என்ற குறியில் மொழியின் பெயர் வரும். பலர் எழுதப் பயன்படுத்தும் வி.எஸ். கோடில் ஆச்சரியக்குறி போட்டு வரவழைக்கும் மாதிரிப் பக்கத்தில், 'ஈ.என்.', அதாவது ஆங்கிலம் என்று இருக்கும். அப்படியே விட்டால், பேசும் சாப்ட்வேர் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழைக் குழறக்கூடும். அந்த இரண்டு எழுத்தை அழித்து 'டி.ஏ.' என்று போட ஒரு நிமிஷம்கூட ஆகாது.