தீவின் வர்ணங்கள் நம் இல்லத்தில்

வீட்டை அலங்கரிப்பது செல்வர்க்கே உரிய காரியம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதிலும் தென்கடல் தீவுகளின் பாணியில் அலங்கரிப்பதென்றால், கிளிப் படங்களும் பிளாஸ்டிக் தென்னங்கீற்றுகளுமே பலர் நினைவுக்கு வருகின்றன. இவை கடைச் சரக்குகளேயன்றித் தீவின் பாணி ஆகா. அப்பாணி தட்பவெப்பத்திலிருந்து பிறந்தது. கடும் வெயில், ஈரக் காற்று, அடைமழை என்னும் மூன்றுக்கும் மனிதன் கண்ட விடையே அது.

இதற்கு இலங்கையே நல்ல சான்று. 1960களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, ஈனா டி சில்வா குடும்பத்தினருக்காகக் கொழும்பில் ஒரு வீடு அமைத்தார். நகரத்தின் சிறு மனையிலே நடு முற்றத்தைச் சூழ அறைகளை அமைத்து, காற்றும் நிழலும் உள்ளே உலவச் செய்தார். ஈனா டி சில்வாவின் பத்திக் துணிகள் பின்னாளில் பெந்தோட்டைக் கடற்கரை ஓட்டலின் கூரையையே அணிசெய்தன. முதலில் நிழல், அதன்பின் வர்ணம் என்பதே இங்கு நாம் கற்கும் பாடம். கண் கூசும் வெயிலில் நிறங்கள் வெளுத்துத் தோன்றும். நிழலிலேதான் அவை பொலிவு பெறும்.

இனி, நமக்கருகே வருவோம். தமிழக எல்லையை ஒட்டி, தடாவிற்கு அண்மையில், 2008 முதல் வளர்ந்து வரும் தொழில் நகரம் ஸ்ரீ சிட்டி. இத்தகைய ஊர்களில் வேலை தேடி வந்தோர் பலருக்கும் வாய்ப்பது வாடகை வீடே. முற்றம் அமைக்கவோ சுவருக்கு நிறம் பூசவோ அவர்களால் இயலாது. எனினும் வெயில் விழும் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடலாம். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றுக்கு வழிவிடலாம். வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டுவது உலர்ந்த காற்று வீசும் இடங்களிலேயே மிகுந்த பயன் தரும். கடற்கரையின் ஈரக் காற்றில் அதன் குளிர்ச்சி குறைவு.

வர்ணத்திற்குத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரித் துணி அருகிலேயே கிடைக்கிறது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு மை பரவாமல் காக்கும். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் ஊறவைத்துக் கறுப்பு மை ஆக்குவர். மூங்கில் எழுதுகோலால் கோடு இழுத்தபின், படிகாரத்தின் துணையால் சிவப்பு ஏற்றுவர், நீலத்திற்கு அவுரி. சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் முற்காலத்தில் கப்பலேறிக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றன. அவற்றைக் கொடுத்து வாசனைப் பொருள்களை வாங்கினர் வணிகர். 1613-இல் டச்சுக்காரர் கோட்டை எழுப்பிய பழவேற்காடு அவ்வணிகத்தின் ஒரு துறை. ஆதலால் தீவின் வர்ணம் நமக்கு அந்நியமன்று.

ஒரு கலம்காரித் துணியைச் சுவரில் மாட்டி, அதிலுள்ள இரண்டு நிறங்களை மட்டும் தலையணை உறைக்கும் திரைக்கும் எடுத்துக்கொண்டால் அறை ஒழுங்குபெறும். பழவேற்காட்டுப் பெண்கள் முடையும் பனையோலைக் கூடைகளும், ஓரிரு மண் தொட்டிச் செடிகளும் போதும். தாவரச் சாயம் நேர் வெயிலில் மங்குமாதலால் துணியை ஜன்னலுக்கு எதிரே மாட்டலாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலைப் பொருள்களில் பூஞ்சணம் பற்றும். வெயில் கண்ட நாளில் அவற்றை உலர்த்துதல் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கலம்காரி என்ற பெயரில் இயந்திர அச்சுத் துணியும் விற்கப்படுகிறது. நாமும் ஒருமுறை மலிவு கருதி வாங்கி ஏமாந்தோம்; முதற் சலவையிலேயே சாயம் ஓடி, உடன் நனைத்த வேட்டியும் பாழாயிற்று. கையால் எழுதிய துணியில் ஒரு பூவைப்போல் மறு பூ அச்சாக இராது. கோட்டின் கனம் சிறிதேனும் வேறுபடும். அதை நோக்கி வாங்குதல் நலம். பல நாள் உழைப்பில் உருவாகும் துணிக்கு அச்சுத் துணியின் விலையையே நாம் கொடுப்போமாயின், எழுதுகோல் பிடிக்கும் கை வேறு தொழில் தேடிப் போகும். பெரிய துணி வாங்க இயலாதோர் கைக்குட்டையளவு துணியொன்றை வாங்கிச் சட்டமிட்டு மாட்டலாம். இல்லமும் அழகுறும், கலையும் வாழும்.