ஹலாலுக்கு அடுத்த கேள்வி



உணவு விடுதியின் வாயிலில் 'ஹலால்' என்னும் பலகையைக் கண்டதும் நம் மனம் நிம்மதி அடைந்துவிடுகிறது. அறுத்தவர் யார் என்று கேட்கத் தெரிந்த நாம், அந்த இறைச்சி எத்தனை மணி நேரம் வெயிலில் தொங்கியது, வெட்டிய கட்டை எப்போது கழுவப்பட்டது என்று கேட்பதில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 168-ஆம் வசனம் மனிதர்களை அழைத்து உண்ணச் சொல்லும்போது, 'ஹலால்' என்பதோடு 'தய்யிப்' என்ற சொல்லையும் சேர்த்தே வைத்திருக்கிறது. தூய்மையானது, நல்லது என்பது அதன் பொருள். அந்தச் சொல்லை எந்தப் பலகையிலும் காணோம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூறினார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இச்சம்பவத்தை வணிக நேர்மைக்கு மட்டுமே உதாரணம் காட்டி வருகிறோம். மேலே தெரிவதை நம்பாமல், உள்ளிருப்பதைச் சோதித்த செயலும் அல்லவா அது! பிற்கால இஸ்லாமிய நகரங்களில் 'முஹ்தசிப்' என்னும் அதிகாரி எடைக்கற்களோடு சமையற்காரரின் பாத்திரங்களையும் பார்வையிட்டார்.

நம் நாட்டில் இன்று அப்பணி உணவுப் பாதுகாப்பு அலுவலருடையது. 1954-ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளது. அலுவலர் மாதிரியை விலை கொடுத்தே எடுக்க வேண்டும். நான்கு பாகங்களாக்கி முத்திரையிட வேண்டும். ஒரு பாகம் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு நியமன அலுவலரின் காப்பில். வணிகர் கோரினால் நான்காவது பாகம் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். பகுப்பாய்வு முடிவை ஏற்காதவர் மேல்முறையீடும் செய்யலாம். "நம்மவர் பிழைப்பில் மண் விழுமே" என்று புகார் செய்யத் தயங்குவோர் இதை அறிய வேண்டும். நேர்மையான வணிகருக்கு அந்த முத்திரையே காவல்.

சிலவற்றை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஈரமான வெள்ளைத்தாளில் தேயிலைத் தூளைத் தூவினால், ஏற்றப்பட்ட சாயம் உடனே கசிந்து காட்டிக்கொடுக்கும். கிருமிகளோ கண்ணுக்கும் நாவுக்கும் அகப்படுவதில்லை. வலீமாவில் மிஞ்சிய சோற்றை இரவு முழுதும் அண்டாவிலேயே மூடிவைத்து, காலையில் சூடாக்கி அண்டை வீடுகளுக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. நோக்கம் நல்லதுதான். ஆனால் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதியிலும் பிழைத்திருந்து, ஆறிய சோற்றில் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

பலரும் அறியாத செய்தி ஒன்று. அலுவலர் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். தமிழகத்தில் சென்னை கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக்கூடங்கள் உள்ளன. அறிக்கைக்குச் சட்டம் விதித்த கெடு 14 நாட்கள். உணவு குறைபாடுடையது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: சோதனைக்கு அனுப்பப் போகும் எண்ணத்தை, வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட வேண்டும். வாரந்தோறும் ஜும்ஆவில் தோளோடு தோள் நிற்பவரிடம், "பாய், இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று சொல்ல வேண்டியிருக்கும். கட்டணத்தை விட நம்மவர்க்கு அதுவே பெரிய செலவாகத் தோன்றுகிறது.